வியாழன் என்று படித்துக் காட்டினேன்

பட்டமளிப்பு விழா புதன்கிழமை. என் அக்காவிடம் வியாழக்கிழமை என்று படித்துக் காட்டினேன். தவறிப் படிக்கவில்லை. அழைப்பு அட்டையில் அச்சிட்டிருந்த ஆங்கில எழுத்தின்மேல் விரலை வைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தைத் தன் விரலால் ஒருமுறை தொட்டாள்.

"இதான் வியாழக்கெழமையா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.

எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். இதைவிடப் பெரிய குற்றங்களைச் செய்தவர்களும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் கடலை ஒட்டியிருந்த ஒரு குப்பம் எங்களுடையது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வளர்த்தது அக்காதான். மாமா கட்டுமரத்தில் போவார். அவர் கொண்டுவரும் மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு அக்கா ரயிலேறி ராயபுரம் போய் வீடு வீடாக விற்பாள். அந்த வீடுகளில் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் என்னைப் படிக்கவைக்கும் எண்ணம் அவளுக்கு வந்ததாம். குப்பத்தில் பி.ஏ. வரை போன முதல் ஆள் நான். எழுத்து என்று எது வந்தாலும் அக்கா என்னிடம் நீட்டுவாள். ரேஷன் அட்டை, கோர்ட்டுக் காகிதம், மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, எதுவானாலும். நான் என்ன சொன்னேனோ அதுதான் அவளுக்கு அதில் எழுதியிருந்தது.

தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றைத் தவிர. நான் பட்டம் வாங்குவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள்.

பரீட்சை தேறியதும் விண்ணப்பம் எழுதிப் போட்டேன். விருந்தினருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் தருவதாகப் பதில் வந்தது. அக்காவும் மாமாவும் போகலாம். அதோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். ஆனால் அக்கா அன்று மாலையே வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு குப்பத்துத் தலைவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

எங்கள் பக்கத்தில் கட்டுமரத்தை மரம் என்றே சொல்வோம். ஒரு வீட்டில் நல்லது கெட்டது என்றால், அந்த வீட்டார் தலைவருக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டுவிட்டால் அன்றைக்கு ஒரு மரமும் கடலில் இறங்காது. ஊரே அந்த வீட்டோடு நிற்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் அதுவரை அப்படி நின்றிருக்கிறார்கள். படிப்புக்கு வெற்றிலை வைத்தது எங்கள் அக்காதான்.

தலைவர் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "எத்தினி பேரு போவணும்?" என்றார்.

"உள்ள போவ ரெண்டு பேருக்குத்தான் சீட்டு, பெரீப்பா" என்றேன்.

"ரெண்டு பேரா? இன்னா நைனா, பொண்ணு பாக்கவே ஏழு பேரு போறோம்." அவர் பாக்கைக் கடித்தார். "சரி, உள்ள ரெண்டு பேரு போங்க. நாங்க வெளிய நிக்கிறோம். நிக்கிறதுக்குமா சீட்டு?"

அக்கா சிரித்துவிட்டாள்.

"எங்க கீது அந்தக் கட்டடம்?"

"பீச்சுக்கு எதுத்தாப்புல."

"அட, கடலுக்கு எதுத்தாப்புலயா கீது? அப்பறம் ரயிலு, டிராமுன்னு இன்னாத்துக்கு பேஜாரு? பொம்பளைங்க ரயில்ல வரட்டும். நாம மரத்துல போயி நேரா எறங்கிக்கலாம்."

அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அந்த யோசனை பிடித்துப்போயிற்று. பட்டம் கொடுக்கிறவர் கவர்னர் என்றதும், வெறுங்கையோடு போகக்கூடாது, ஒரு முழு வஞ்சிரம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

"கவர்னரு மீனு துன்வாரா?" என்று மாமா கேட்டார்.

"அவரு துன்னாட்டி அவரு சமையல்காரன் துன்றான். நமக்கின்னா?" என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கல்லூரியில் நான் என்னை யாரென்று சொல்லிவைத்திருந்தேன் என்பது அக்காவுக்குத் தெரியாது. முதல் வருஷம் ஒருவன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு என் பெஞ்சிலிருந்து எழுந்து போனான். அன்றிலிருந்து தினமும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தேன். வீட்டார் துறைமுகத்தில் உத்தியோகம் என்று சொன்னேன். அதை நம்பி என்னோடு பழகியவன் ஒரே ஒருவன். தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மொத்தக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டில் மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவன் அப்பா என் தோளில் கை போட்டு, "நீ நம்ம வீட்டுப் பிள்ள மாதிரிலா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

அவர்கள் வீட்டில் ஆறு பேர் விழாவுக்கு வர ஆசைப்பட்டார்கள். இருந்தது இரண்டு சீட்டு. உன் வீட்டார் வருகிறார்களா என்று சிநேகிதன் கேட்டான். ஊரில் இல்லை என்றேன். என் சீட்டுகள் இரண்டையும் அவன் அப்பாவிடம் கொடுத்தேன். அழைப்பு அட்டையை அக்காவிடம் படித்துக் காட்டியது அதற்கு மறுநாள்.

புதன்கிழமை காலையில், அங்கியை வாடகைக்கு எடுத்துவரப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினேன். விழாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் கல்லூரியின் முறை வந்தபோது மொத்தமாக எழுந்து நின்றோம். எங்களுக்குப் பட்டம் வழங்கியதாக மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தேன். என் அக்கா உட்கார்ந்திருக்கவேண்டிய நாற்காலியில் சிநேகிதனின் அத்தை விசிறிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் படம் எடுக்கிறவர் கேமரா முக்காலியை நிறுத்தினார். நானும் போய் சிநேகிதன் பக்கத்தில் நின்றேன். அவன் அப்பா என்னைப் பார்த்தார். கையிலிருந்த குடையை நீட்டினார்.

"தம்பி, இத ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நில்லும். இது குடும்பப் படம்லா."

சிநேகிதன் குனிந்து தன் அங்கியின் சுருக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். அங்கி அணிந்தபடி, பிறத்தியார் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்துக்கு வெளியே நின்றேன். ஏமாற்றப்பட்டவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் குப்பத்தில் என் அக்கா மறுநாளைக்குப் புடவை எடுத்துவைத்துக்கொண்டிருப்பாள் என்பது நினைவுக்கு வரவேயில்லை. அங்கியை அன்று மாலையே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை மண்டபத்தில்தான் தருவார்களாம் என்று வீட்டில் சொன்னேன்.

வியாழக்கிழமை விடியலில் பதினெட்டு மரங்கள் கிளம்பின. வாடைக் காற்று இருந்த மாதம். வடக்கிலிருந்து அது எங்களைத் தள்ளிக்கொண்டே போயிற்று. துறைமுகத்துச் சுவரைச் சுற்றிக் கடற்கரையில் இறங்கியபோது எல்லோரும் துணி மூட்டையைப் பிரித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார்கள். தலைவர் சட்டை போட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ரயிலில் வந்த பெண்கள் சாலையோரத்தில் காத்திருந்தார்கள். அக்கா தலையில் பூ வைத்திருந்தாள்.

"சீட்டு வெச்சினுகிறயா?" என்றாள்.

"இருக்குக்கா."

வாசலில் இரண்டு மாட்டுவண்டிகள் நின்றன. ஆட்கள் நாற்காலிகளை மடக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தல் துணி தரையில் கிடந்தது. அக்காதான் காவலாளியிடம் முதலில் போனாள்.

"எப்பய்யா ஆரம்பிப்பாங்க?"

"இன்னாது ஆரம்பிப்பாங்க? நேத்தே முடிஞ்சிபோச்சும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதற்கான பதிலை ஒரு வாரமாகத் தயாராக வைத்திருந்தேன். "தேதிய மாத்திட்டாங்க போலிருக்கு. எனக்குச் சொல்லல" என்றேன். குரல் நடுங்கியது. அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கவேண்டும்.

அக்கா காவலாளி பக்கம் திரும்பினாள். தெருவில் அவள் சண்டை போட்டு நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் போட்டது போல் கேட்டதில்லை.

"இன்னாய்யா ஏமாத்து வேல இது? என் தம்பி ராவும் பகலும் படிச்சான்யா! மீன்காரன் வூட்டுப் புள்ளன்னு தெரிஞ்சிதானே நாள மறச்சிட்டீங்கோ? நாங்க வந்தா உங்க நாற்காலி கலீஜாப் பூடுமா? கூப்புடு உள்ள கீறவன!"

"என்னாண்ட கத்தினா எப்டி? நான் வாசல்ல நிக்கிறவன்மா" என்றான் அவன். பாவம், அவனுக்கு வயதாகியிருந்தது.

மாமா அவளைப் பிடித்து இழுத்தார். என் கையைப் பற்றிக்கொண்டுதான் அவள் அழுதாள். தலைவர் ஈரச் சாக்கில் சுற்றியிருந்த வஞ்சிரத்தைக் காவலாளியின் முன்னால் வைத்தார். "கவர்னருக்குன்னு கொண்டாந்தது. நீ துன்னு" என்றார்.

திரும்பும்போது காற்று முகத்தில் அறைந்தது. மாலை வரை துடுப்புப் போட்டார்கள். நான் நனைந்து நடுங்குவதைப் பார்த்துத் தலைவர் தன் துண்டைப் பிழிந்து என் தோளில் போட்டார். "உடு நைனா. அவனுங்க புத்தி அவ்ளதான்" என்றார்.

பட்டம் தபாலில் வந்ததாகச் சொல்லி அக்காவிடம் காட்டினேன். அவள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் பட்டத்தைக் காட்டிவிட்டு, அதைத் தன் தம்பிக்கு மறைவாகக் கொடுத்தவர்களைத் திட்டினாள். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து நான் ராயபுரத்தில் குடியேறினேன். மூன்று வருஷம் ஓடிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா மகள், எட்டாவது படித்தவள், கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம்?"

"நிறுத்திட்டேன்" என்றாள் அக்கா. "படிச்சு இன்னா? உன்னையே அப்டி ஏமாத்தினவனுங்க, பொட்டப்புள்ளய உடுவானுங்களா?"

அவள் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன். அவர்கள் ஏமாற்றவில்லை, நான்தான் என்றேன். சீட்டை யாருக்குக் கொடுத்தேன் என்பது முதல் குடை பிடித்து நின்றது வரை சொன்னேன்.

அவள் கத்தி நின்றது. "அந்த அட்டைல புதன்கெழமைன்னா போட்டிருந்தது?"

"ஆமாக்கா."

"நான் கைய வெச்சுக் கேட்டனே."

"ஆமா."

மறுபடி செதில் சீவத் தொடங்கினாள். "ஊருல சொல்லு. உனக்காக அன்னிக்குக் கடலுக்குப் போவாம நின்னவங்க அவங்கதான்" என்றாள்.

அன்று மாலை தலைவர் முன்னிலையில் ஊராரிடம் சொன்னேன். யாரும் கத்தவில்லை. தலைவர் மட்டும் கேட்டார். "நாங்க வந்து நின்னா உனக்கு அசிங்கமா இருந்திருக்குமா, நைனா?"

"ஆமா, பெரீப்பா."

"அத மொதல்லியே சொல்லிருந்தா, நாங்க பாட்டுக்கு மீனு புடிக்கப் போயிருப்போமே" என்றார். அபராதம் விதிப்பார் என்று எதிர்பார்த்தேன். விதிக்கவில்லை. விதித்திருந்தால் கட்டிவிட்டு எழுந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் அங்கியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டு வாசலில் அதைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். இப்போதாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். என்ன மூடத்தனம். அவள் தலைமுதல் கால்வரை பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"கழட்டு. வாடவத் துணி. மீன் நாத்தம் ஒட்டிக்கும்" என்றாள்.

மகளை மட்டும் மறுநாளே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். ஏமாற்றியது பள்ளிக்கூடம் இல்லையே என்றாளாம்.

என்னிடம் அவள் பேச்சை நிறுத்தவில்லை. போனால் சோறு போட்டாள். மறு வருஷம் நான் அங்கே இருந்தபோது தபால்காரர் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் அச்சிட்டது. மகள் வீட்டில் இல்லை. பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அக்கா அட்டையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி, "தபால்கார்ரே, கொஞ்சம் நில்லு" என்று கூப்பிட்டபடி மணலில் ஓடினாள்.

அவர் சைக்கிளை நிறுத்திப் படித்துச் சொன்னார். பரிசளிப்பு விழா. மகளுக்கு ஏதோ பரிசு. அக்கா கிழமையை அவரிடம் இரண்டாம் முறையும் கேட்டாள். எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு வாசலிலிருந்து கேட்டது. சனிக்கிழமை.

தலைவருக்கு அவள் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அக்காவும் மாமாவும் ரயிலேறிப் போனார்கள். குப்பத்து மரங்கள் எல்லாம் வழக்கம்போல் கடலில் இருந்தன.