சொருகிப் பார்க்காத மிஷின்

சவுதியில் தச்சுவேலை பார்க்கும் என் கணவர், வீடியோ காலில் ஒரு பழைய ரவுட்டர் மிஷினை ஓட்டிக் காட்டினார். பலகையின் ஓரத்தை அது சீவுகிற சத்தம் கேட்டதுமே, முப்பது வருடத்துக்கு முந்தைய கருகல் வாடை என் மூக்கில் ஏறியது.

என் வாப்பாவுக்கும் அங்கேதான் தச்சுவேலை. ஒவ்வொரு லீவுக்கும் கைலியில் சுற்றி ஒரு பழைய ரவுட்டர் கொண்டுவருவார். ஓரம் உருட்ட ஒன்று, பலகையில் காடிப் பள்ளம் எடுக்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருந்தார். "முழுசா வந்து பட்டறை போடுற அன்னைக்குத்தான் ஓட்டணும்" என்பார்.

அந்த நாளும் வந்தது. காரைக்கால் வீட்டுக் கொல்லையில் பிஸ்மி சொல்லி முதல் மிஷினைப் போட்டார். புகைந்தது. இரண்டாவதும் புகைந்தது. "இது வேற கம்பெனி, ஓடும்" என்று மூன்றாவதையும் போட்டார். சவுதியில் அவர் தங்கியிருந்த கேம்பில் இருந்தது நூற்றுப்பத்து வோல்ட், நம் ஊர்க் கரண்டு அதைப்போல் இரண்டு மடங்கு என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நான்காவதை எடுத்தவர், சொருகாமலே மறுபடி கைலியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். "இது ஓடும்" என்று உம்மாவிடம் சொன்னார். அடுத்த மாதம் சவுதிக்கே திரும்பிப் போனார். அடக்கமும் அங்கேயே ஆனது.

"வோல்ட்டு பாத்துதான் வாங்குனேன் புள்ள" என்றார் கணவர். "இதோட மூணு மிஷின் ஆச்சு. இன்னும் ஒரு அக்ரிமெண்டு, அப்புறம் முழுசா வந்துடுவேன். அலமாரி மேல மாமாவோட மிஷின் ஒண்ணு இருக்கே, அது ஓடுமா?"

"ஓடும் மச்சான்" என்றேன்.