ஆளா, மிஷினா? மண்ணரை லைன் வீட்டில் வந்த காமாலை

1. பாதி லைன் காலி

கார்த்திகை மாதம். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்து ஆர்டர் கொட்டோ கொட்டென்று கொட்டிய வருசங்கள். காலை ஷிப்டுக்குப் போய் நிற்கிறேன், ஓவர்லாக் தையல் லைனில் பாதி மிஷினுக்கு ஆள் இல்லை. ஷிப்மெண்ட்டோ கழுத்தை நெரிக்கிறது.

"என்னாச்சுங்க?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"காமாலைங்க மாரப்பண்ணா. எல்லாம் இந்தத் தெக்கத்திக்காரங்க பண்ணுன வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போனாங்கல்ல, போன எடத்துல வாரிக் கட்டிக்கிட்டு வந்துட்டாங்க" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பனியன் மடிக்கிற வேலையில் நுழைந்து, செக்கிங் மாஸ்டராகி, பிற்பாடு சொந்தமாக செக்கிங் யூனிட் போட்டு நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். சரக்கு வாங்க வருகிற, டை கட்டிய பையர் ஆட்களே, "மாரப்பன் பார்த்த லாட்டா? சீல் வைங்க" என்று திரும்பிப் போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் அந்தக் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். கம்பெனிக்குப் பின்னாலேயே, மண்ணரையில், தொழிலாளிகளுக்கு லைன் வீடுகள். வரிசைக்குப் பத்து வீதம் ரெண்டு வரிசை. அதில் பின்வரிசையில் குடியிருந்தவள் செல்வராணி. திருநெல்வேலிப் பக்கம். ஓவர்லாக்கில் அவள் கை போகிற வேகத்துக்கு நானே நின்று பார்ப்பேன். தீபாவளி முடிந்து திரும்பி வந்தவர்களில் முதலில் கண் மஞ்சளானது அவளுக்குத்தான். அது போதாதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் புருசன், மகளோடு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் முதலாளி. மகளுக்கு அரைப்பரீட்சை நேரம்.

எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, காமாலைய நான் என்ன முறுக்கு டப்பாவுலயா அடைச்சுக் கொண்டாந்தேன்? லைன்ல ஒருத்தி பேச மாட்டேங்கா. எம்மவள பக்கத்துல உக்கார விட மாட்டேங்காவ. இந்தப் பேரோட போனா, திருப்பூர்ல எந்தக் கம்பெனியில என்னைய எடுப்பாவ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேல் இரக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் தொழிலையே அவமானப்படுத்துகிற மாதிரி ஒரு முடிவு.

2. எங்கள் தொழிலில் பழி போடும் முறை

சின்னப் பையன்களுக்காக இதை விளக்குகிறேன். ஒரு டெய்லரிடமிருந்து தையல் விட்டு விட்டு வருகிறது. உடனே அவளைத் திட்டுவானா செக்கிங் மாஸ்டர்? திட்டினால் அவன் மாஸ்டர் இல்லை, கழுதை. அவளைத் தூக்கிப் பக்கத்து மிஷினில் உட்கார வை. பக்கத்து ஆளை இவள் மிஷினில் உட்கார வை. டேமேஜ் ஆளோடு போகிறதா, மிஷினோடு நிற்கிறதா பார். ஆளோடு போனால் ஆள். மிஷினோடு நின்றால் ஊசியோ, நூலை வாங்கிக் கோக்கிற லூப்பரோ. இதற்கு எந்தக் காலேஜும் வேண்டாம்.

இந்தச் சாதாரண சங்கதி பனியனுக்குப் பொருந்தும், மனுசனுக்குப் பொருந்தாதா? முன்வரிசை வீடுகளுக்கு லாரித் தண்ணி. பின்வரிசைக்கும், அதை ஒட்டின கம்பெனி கேண்டீனுக்கும் தரைக்கடியில் கட்டின சம்ப் தொட்டித் தண்ணி. லைன் வீட்டுக்காரர்கள் மத்தியானமும் வீட்டுக்கே போய்ச் சாப்பிடுவார்கள்; கேண்டீன் உள்ளூரிலிருந்து வருகிறவர்களுக்கு. அந்தத் தொட்டிக்கு நாலு முழம் தள்ளி கக்கூஸ் குழி. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

சொன்னேன். "தண்ணியப் பாக்கச் சொல்லியாச்சுங்க" என்றார் முதலாளி. பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். வருகிறேன் என்று போன் போட்டுவிட்டு வந்தார், தண்ணி சோதிக்கிற ஆபீஸர் ஒருத்தர். அதற்கு முன்னாலேயே தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியாயிற்று. ஒரே ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். தண்ணி நல்ல தண்ணி என்று முடிவு வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏனுங்க, அட்டைப்பெட்டிக்கு மேலாப்புல, நாமளே அயர்ன் பண்ணி வெச்ச ஒரு பீஸை எடுத்துப் பாத்துட்டு லாட்டையே பாஸ் பண்ணுனா பையர் நம்மளச் செருப்புல அடிக்க மாட்டானுங்களா?" என்று கேட்டேன்.

"பனியன் வேற, காமாலை வேறைங்க" என்றார்.

3. சிவப்பு ஸ்டிக்கர், பச்சை ஸ்டிக்கர்

நான் சும்மா இருப்பேனா? பீஸில் டேமேஜ் உள்ள இடத்தைக் காட்ட சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் ஒரு கத்தை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போய், காமாலை கண்ட வீட்டுக் கதவில் எல்லாம் ஒட்டினேன். ஒரு அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. "எங்க வூட்டையே டேமேஜுங்கிறியா நீயி? உன் மூஞ்சியில ஒட்டு மொதல்ல!"

அந்த நேரம் பார்த்து அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. காமாலை என்று வந்தவர்களில் பலபேர் இதே விலாசம் சொன்னதால் நேரில் பார்க்க வந்தவர். என் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நல்ல யோசனைங்கய்யா. ஆனா பாதிதான் செஞ்சிருக்கீங்க. நோய் வராத வீடு எது?" என்றார்.

"வராத ஊட்டைப் பாத்து என்னங்க ஆகுது?"

"வந்தவங்கள மட்டும் எண்ணித்தானே உங்க முதலாளியும் முடிவு பண்ணாரு? காமாலை வந்த வீடு எத்தனை?"

"ஒம்பதுங்க. அதுல எட்டு தெக்கத்தி ஆளுங்க. ஒண்ணு தர்மபுரி."

"மொத்தம் இருபது வீட்டுல தெக்கத்தி ஆளுங்க?"

"பதினேழுங்க."

"அப்ப நோய் வந்தவங்கள்லயும் அவங்கதானே அதிகமா இருப்பாங்க?"

சட்டென்று மண்டையில் பல்பு எரிந்தது. லாட்டில் முக்காலே மூணு வீசம் நீலக் கலர் என்றால் டேமேஜிலும் நீலம்தான் நிறைய வரும். அதற்காக நீலக் கலரே ராசி இல்லாதது என்று எவனாவது சொல்வானா? செக்கிங்கில் இத்தனை வருசம் குப்பை கொட்டின எனக்கு இதைச் சொல்ல ஒரு சின்னப் பெண் வரவேண்டியிருந்தது. அதிலும் கொஞ்சம் கோபம்தான்.

பச்சை ஸ்டிக்கரும் ஒட்டினோம். ஒட்டிவிட்டு நடுவில் நின்று பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் புரியும். பின்வரிசையில் எட்டுக் கதவு சிவப்பு. முன்வரிசையில் ஒன்றே ஒன்று. அங்கே இருப்பவர்களும் தெக்கத்திக்காரர்கள்தான். அவர்களும் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தவர்கள்தான். ஆள் அதே ஆள், தண்ணி மட்டும் வேறு.

அந்த முன்வரிசை ஒற்றைச் சிவப்பு என் கண்ணை உறுத்தியது. கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். டாக்டரம்மா தடுத்தார். "வேண்டாங்கய்யா. பிடிக்காததைக் கிழிச்சா அது கணக்கே இல்ல. எந்த நல்ல மிஷின்லயும் ஒரு பீஸ் போறதில்லையா? ஒண்ணு பண்ணுங்க. இருபது சீட்டுல வீட்டு நம்பர் எழுதிக் குலுக்கி ஒன்பது எடுங்க. எத்தனை தடவைக்கு ஒரு தடவை எட்டுச் சீட்டு பின்வரிசையா வருதுன்னு பாருங்க."

டிபன் டப்பாவில் போட்டுச் சாயங்காலம் வரை குலுக்கினேன். நாலு விழுந்தது, அஞ்சு விழுந்தது, அவ்வப்போது ஆறு விழுந்தது, ஒருதரம் ஏழு விழுந்தது. எட்டு விழவே இல்லை. செக்கிங் பெண்கள், "மாஸ்டர் ஏலச்சீட்டு ஆரம்பிச்சுட்டாருங்கோ!" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும். எதேச்சையாக இப்படி விழாது என்று என் கையே எனக்குச் சொல்லிவிட்டது.

4. ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள்

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரே கேள்வியில் மடக்கினார்.

"கேண்டீன் பானையிலயும் அதே சம்ப் தண்ணிதானுங்க. நம்ம உள்ளூர்ச் சனம் தெனமும் மத்தியானம் அதைத்தான் குடிக்குது. ஒருத்தனுக்காச்சும் வந்துச்சா? ஆஸ்பத்திரிக் கணக்குல ஒரு பேரு காட்டுங்க பாக்கலாம்."

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் முகமும் சுருங்கிவிட்டது. "என்கிட்ட வந்தவங்களைத்தான் நான் எண்ண முடியும். வராதவங்களை எங்க போய் எண்ணுறது?"

"அது எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

எங்கள் சனம் காமாலை வந்தால் ஊசி போடப் போகாது. நாட்டு மருந்துக்குத்தான் போகும். அவிநாசிபாளையம் தாண்டி ஒரு வைத்தியர் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார். பொழுது கிளம்புமுன், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். வெளியே மூச்சு விடவும் மாட்டார்கள். வேலை போய்விடும், கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று பயம். பஞ்சம் பிழைக்க வந்தவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லார் கணக்கிலும் ஏறுவான். உள்ளூர்க்காரன் விடியுமுன்னே மருந்தைக் குடித்துவிட்டு எந்தக் கணக்கிலும் இல்லாமல் வீட்டுக்குப் போவான். பிறகு, "எங்களுக்கு வரவே இல்லையே!" என்பான்.

ஞாயிறுக்கு முந்தின நாள் விடியற்காலைக் கருக்கலில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். வைத்தியர் வீட்டு வாசலில் வரிசை. துண்டால் தலையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். என்னைக் கண்டதும் நாலைந்து பேர் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். எல்லாம் நம் கம்பெனி ஆட்கள், உள்ளூர்க்காரர்கள். கட்டிங் மாஸ்டர் மட்டும் பல்லைக் காட்டினான். "ஒண்ணுமில்லீங்ணா, உடம்புச் சூடு."

"கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழமாட்ட இருக்குது, சூடாம் சூடு" என்றேன்.

வேப்பமரத்தடியில் ஒரு கார். முதலாளியின் கார். உள்ளே அவர் மகன் சாய்ந்து கிடந்தான். ஆபீஸில் உட்கார்ந்து மத்தியானம் கேண்டீனில் சாப்பிடுகிற பையன். மஞ்சள் பூசிய மாதிரி முகம். பக்கத்தில் முதலாளி.

என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பேசியிருந்தால் அந்த இடத்திலேயே ரசாபாசமாகியிருக்கும்.

5. ரெண்டையும் ஒன்றாக மாற்றாதே

பத்து மணிக்கு ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "முதலாளி, உங்க பையன் எந்த ஊருங்க? திருநெல்வேலிங்களா?"

எழுந்து போய் ஜன்னலையும் சாத்தினார். அப்புறம், "அவனுக்கு உடுமலைப்பேட்டையில பொண்ணு பாத்திருக்குதுங்க. வெளிய விட்ராதீங்க" என்றார்.

"விட மாட்டேனுங்க."

"சம்ப்பை இன்னைக்கே மூடிப்போடறேன். எல்லா ஊட்டுக்கும் கேண்டீனுக்கும் லாரித் தண்ணி. போதுமுங்களா?"

"செல்வராணி?"

"அவங்க நாளைக்கிப் போகட்டுமுங்க. சொன்னது சொன்னதுதான். வார்த்தை மாறுனா சனம் மதிக்காது."

மேஜையை ஓங்கி அடித்தேன். முதலாளி மேஜையை அடித்த ஒரே செக்கிங் மாஸ்டர் திருப்பூரில் நான்தான்.

"ஊசியையும் மாத்தி ஆளையும் ஒண்ணா மாத்துனா, எதுனால சரியாச்சுன்னு எவனுக்குத் தெரியும்? காமாலை நின்னதும் ஊரே என்ன சொல்லும்? செல்வராணியத் தொரத்துனோம், நின்னு போச்சுன்னு சொல்லும். சாகறவரைக்கும் அந்தப் பழி அவ தலையில. தண்ணிய மட்டும் மாத்துங்க. ஆளு அங்கியே இருக்கட்டும். இல்லீன்னா நான் இப்பவே கேட்டுக்குப் போயி, வைத்தியர் ஊட்டுல நின்ன அத்தனை பேரு பேரையும் கத்துவேன். உங்க பையன் பேரை மட்டும் விட்டுர்றேன்."

சம்ப்பை மூடினார்கள். செல்வராணி இருந்தாள்.

டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்தார். "உடனே நிக்காதுங்கய்யா. ஏற்கெனவே குடிச்சவங்களுக்கு வாரக்கணக்குல கழிச்சும் வரும். அவசரப்பட்டு முடிவு பண்ணிடாதீங்க."

அதே மாதிரி தொட்டியை மூடிய பிறகும் மூன்று பேருக்கு வந்தது. முதலாளி என்னைக் கண்டாலே முகத்தைச் சுளித்தார். "பாத்தீங்களா? தண்ணியில்லைங்க, அவதான்." செல்வராணி வீட்டு வாசலில் எவனோ சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனான். அவள் கழுவிவிட்டு வேலைக்கு வந்தாள். எனக்குத் தூக்கம் போனது. இருந்தும் டாக்டரம்மா சொன்ன கெடு முடிகிறவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தச் சில வாரம்தான்.

பொங்கல் கழிந்தது. புதிதாக ஒரு கண்ணும் மஞ்சளாகவில்லை. ஆள் அதே ஆள், வீடு அதே வீடு. தண்ணி மட்டும் வேறு.

6. அவள் சொன்னது

முதலாளி ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "பழி தப்பு" என்று லைனில் நின்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. பையனுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது, ஜிலேபி கொடுத்தார். நான் ஜிலேபியை டேபிளிலேயே வைத்துவிட்டு அந்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டேன். டீ நேரத்தில் கேட்டில் நின்று, பேர் எதையும் சொல்லாமல், கத்தத்தான் கத்தினேன். "சம்ப்புத் தண்ணியில வந்த காமாலை! உள்ளூர்க்காரனுக்கும் வந்துச்சு!" வைத்தியர் வாசலில் நின்ற அத்தனை பேரும் டீ கிளாஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிரவில்லை. அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

இதைப் படிக்கிற இளசுகளுக்குச் சொல்கிறேன். எந்தக் கணக்கை எவன் நீட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். லாட் மொத்தம் எத்தனை? நோய் வராதவன் எங்கே? எண்ணிக்கைக்குள் சிக்காதவன் எங்கே? பதில் வருமுன் ஒருத்தர் மேல் விரல் நீட்டினால் அந்த விரலை ஒடிக்க வேண்டும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

என் யூனிட்டைத் தொடங்கியபோது செல்வராணியைத்தான் முதலில் கூப்பிட்டேன். சம்பளம் கூட, வீடும் வேறு இடம். லைன் வீட்டு வாசலில் நின்று வேண்டாம் என்றாள்.

"இங்க உன்கூட எவளும் முகங்குடுத்துப் பேசறதில்ல, எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்று அவளிடமும் கத்தினேன்.

"இன்னைக்கு நான் போனம்னு வைங்க அண்ணாச்சி, அவ போன பொறவுதான் எல்லாஞ் சரியாச்சும்பாவ. எனக்கு நோவும் இல்ல, நான் போகவும் மாட்டேன். இங்கனயே கெடக்கேன். தெனமும் என் மூஞ்சியப் பாக்கட்டும்."