கன்றுக்குட்டிப் பெண்ணின் நிறம்

சரவணம்பட்டியில் நான் முதலில் வேலை பார்த்த ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. காலை பத்து மணிக்குப் பன் வெந்து இறங்கும் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக ஏறி வரும். அந்த வாசனை, ஏசி குளிர், வரிசையாகப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்... அனிமேஷன் கம்பெனி. மற்றவர்கள் வரைந்து தரும் படங்களுக்கு வண்ணம் கொடுப்பது என் வேலை.

வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நான் ஒரு டிப்ளமோ முடித்து நாற்காலி வேலைக்கு வந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. "எம் புள்ள கம்ப்யூட்டர்ல பொம்மைக்கு பெயின்ட் அடிக்குதுங்க" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

முதல் சில மாதங்கள் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர். கதையே ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பற்றியது. அந்த வீட்டுச் சிறுமிக்கு மட்டும் தனியாக ஒரு கலர் ஷீட் அனுப்பியிருந்தார்கள். வெயிலில் ஒரு பழுப்பு, விளக்கு வெளிச்சத்தில் வேறு பழுப்பு, நிழலில் கருஞ்சிவப்பு. நிழலுக்குச் சாம்பல் நிறம் சேர்க்க வேண்டாம், முகம் உயிரில்லாமல் போய்விடும் என்று கீழே ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பை எத்தனை தடவை படித்திருப்பேனோ...

என் நிறத்தில் ஒரு பிள்ளையை அழகாகக் காட்ட யாரோ உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அதுவே எனக்குப் புதிது. ஸ்கூலில் என்னை நானே வரைந்தபோதுகூட ரோஸ் கிரேயானைத்தான் எடுத்திருக்கிறேன். அதற்குப் பெயரே எங்களுக்கு 'ஸ்கின் கலர்'.

அதன் பிறகு எங்கள் கம்பெனியே சொந்தமாக ஒரு தமிழ்ப் படம் எடுத்தது. காங்கேயம் பக்கத்து மாடு மேய்க்கும் பெண், அவள் கன்றுக்குட்டியைத் திருடன் கொண்டுபோகிறான், அவள் தேடிப் போகிறாள். குடும்பத்தோடு பார்க்கிற படம். பெண்ணுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் ரோஸ் நிறம். திருடனுக்கு மட்டும் கறுப்பு. நானும் ஒன்றும் யோசிக்காமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அக்கா, மகளைக் கண் டாக்டரிடம் காட்டக் கோயமுத்தூர் வந்தவள், அப்படியே என்னையும் பார்க்க வந்தாள். குழந்தைக்கு அப்போது ஆறு வயது. என் திரையைப் பார்த்ததும் திருடனைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

"சித்தி, இது எங்கப்பனாட்டவே இருக்குது."

அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா என்ன பண்றாருங்க சித்தி?"

"கன்னுக்குட்டியப் பாத்துக்கறாரு கண்ணு" என்றேன். பொய்தான். அக்கா என்னைப் பார்த்தாள். "ஊட்டுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அவர்கள் போனதும் அதுவரை அடித்த படங்களையெல்லாம் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்; மச்சான் நிறத்தில் இருந்தது திருடன் ஒருவன்தான்.

மறுநாள் மீட்டிங். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயைத் திறந்தால் வெள்ளகோவில் பஸ்தான் என்று பயம். ஆனாலும் டைரக்டரிடம் சொன்னேன்.

"சார், வெயில்ல மாடு மேய்க்கற புள்ள இந்தக் கலர்ல இருக்காதுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"கொழந்தைங்க பாக்கற படமுங்க அம்மணி. பளிச்சுனு இருக்கோணும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரே ஒரு ஷாட் செஞ்சு காட்டறேனுங்க. புடிக்கலைன்னா உட்ருங்க."

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்தேன். அந்த வெளிநாட்டு ஷீட்டில் கற்றதையெல்லாம் எங்கள் ஊர் வெயிலுக்கு மாற்றினேன். பெண்ணுக்கு என் கையின் நிறம். நிழலுக்குக் கருஞ்சிவப்பு. கன்னத்து ஓரத்தில் சாயங்கால மஞ்சள். பின்னால் இருந்த வேலியின் நிறத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மறுபடி பார்த்தபோது அவள் நிஜமாகவே அந்தக் காட்டில் நிற்பவள் மாதிரி இருந்தாள்.

திங்கட்கிழமை டைரக்டர் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"அப்பா அம்மாவையும் மாத்தோணுமில்ல?"

"ஆமாங்க சார்."

"அப்போ திருடன?"

"திருடன் எந்தக் கலர்ல வேணா இருக்கட்டுங்க சார். அந்தக் கலர்ல திருடன் மட்டும் இருக்க வேண்டாம்."

அவர் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "செஞ்சுபோடுங்க" என்றார்.

இரண்டு மாத வேலை கூடியது. சிரித்தவர்களே முணுமுணுத்துக்கொண்டு கூட உட்கார்ந்தார்கள். போஸ்டர் முன்பே அச்சாகிவிட்டதால் அதில் மட்டும் பழைய ரோஸ் பெண்தான். அது இன்றைக்கும் உறுத்தும்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. ஒரு லீவு நாள் மதியம் டிவியில் போட்டார்கள். நான் ஊருக்குப் போய் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்துப் பெண்ணின் நிறத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்றுக்குட்டி காணாமல் போனதும் அழுதாள். கிடைத்ததும் என் மடியில் ஏறிக் குதித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் கம்பெனி மூடி எல்லோரும் ஆளுக்கொரு திசையில். இப்போது வேறொரு ஸ்டுடியோவில் கலர் டீமை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கதாநாயகிக்கு நிறம் கொடுக்கச் சொன்னேன். யாரையும் கேட்காமல் நல்ல மாநிறம் கொடுத்தாள். நிழலும் சரியாக இருந்தது.

ஏதாவது கேட்பாள் என்று பக்கத்தில் நின்றேன். சொல்ல என்னிடம் ஒரு பெரிய கதை இருந்தது...

"ஏனுங்க மேடம், ரிப்பன் பச்சையா வெக்கட்டுங்களா, செவப்பா வெக்கட்டுங்களா?"

அவளுக்கு இருந்தது அந்த ஒரு சந்தேகம்தான்.

"பச்சையே வைங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு என் சீட்டுக்கு வந்தேன்.