குன்னூருக்குப் போன வெண்கலத் தட்டு

சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு ஓவேலியில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினேன். தம்பி முத்தையா டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் தோளில் மேளக் குச்சிகள் இருந்த பை. என் கையில் ரொட்டி டப்பா. நெஞ்சோடு அணைத்தபடி, கோணியில் சுற்றிய வெண்கலத் தட்டு. ஜீப் நிற்கும் முக்குக்கு ஒன்றரை மைல். “குடு அக்கா, நான் தூக்குறேன்” என்று இரண்டு தடவை கேட்டான். கொடுக்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தபோதும் அது என் மடியில்தான் இருந்தது. மூன்று வருஷம் கழித்து இப்போது மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை. இங்கிலீஷ் பேண்டில் மேளக்காரர் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டியிருக்குமே, சிம்பல், அது. மற்ற சிம்பலுக்கெல்லாம் நடுவில் கிண்ணம் கவிழ்த்தாற்போல் ஒரு குமிழ் இருக்கும். இதற்குக் குமிழ் இல்லை. விளிம்பு வரை ஒரே சமம். நடுவில் கம்பி நுழைய ஒரு ஓட்டை மட்டும். அக்கரையில், சிலோனில், நாங்கள் இருந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக் கிளப்பில் கொழும்பிலிருந்து வாசிக்க வந்த ஒருத்தரிடம் இப்படி ஒன்றை முத்தையா பார்த்தான். நூலைப் பிடித்து அளவெடுத்தான். இருபது அங்குலம். நூலைக் கண்டிக்குக் கொண்டுபோய், கோயில் தாளம் செய்கிற சிங்களக் கன்னார் ஒருவரிடம் கொடுத்தான். அவர் வெண்கலத்தைக் காய்ச்சி, தட்டித் தட்டி, இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். சுத்தியல் பட்ட குழிகள் இன்றைக்கும் அம்மைத் தழும்பு மாதிரி தட்டு முழுக்க இருக்கின்றன. தடவிப் பார்த்தால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. மெஷினில் செய்ததென்றால் அப்படி இருக்காது.

குன்னூரில் ஒரு கிளப்பில் வாசிக்க ஆள் தேவை என்று கடுதாசி வந்திருந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். மேளமெல்லாம் அங்கேயே இருக்கிறது, சிம்பல் மட்டும் இல்லை. கடைசி வரியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘சத்தம் அடக்கி வாசிக்கத் தெரிந்தால் மட்டும் வரவும்.’

கிடைக்கவில்லை என்றால் திங்கட்கிழமை அவனுக்குக் கவாத்து. தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தியைப் பிடித்துப் பிடித்து அவன் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் ஒரு கவாத்துக் காலம் போனால் அந்தக் கை குச்சி பிடிக்காது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

ஆறேகால் மணி, கூடலூர். ஊட்டி பஸ்ஸில் ஆளுக்கு நாலு ரூபாய் அறுபது காசு டிக்கெட். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், எல்லாம் ஏற்றம். ஜன்னல் ஓரம் கிடைத்தது. கண்டக்டர் சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங்கம்மா, மடியில என்னங்க? கோழின்னா அதுக்கும் டிக்கெட் போடோணுமுங்க.”

“கோழியும் இல்ல, கொக்கும் இல்ல. தட்டு.”

“தாம்பாளமுங்களா? பொண்ணு பாக்கப் போறீங்களாட்டம் இருக்குது.”

காட்டிவிட வேண்டியதுதான் என்று கோணியை விலக்கினேன். வெயில் அப்போதுதான் மலைக்கு மேல் வந்திருந்தது. தட்டில் பட்டு பஸ் கூரை முழுக்க மஞ்சள் வெளிச்சம் ஓடியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அட, தங்கமாட்டம் மின்னுதுங்க!” என்றான் கண்டக்டர். உற்றுப் பார்த்துவிட்டு, “நடுவுல ஓட்டையாப் போச்சுங்களே! வாங்கறப்பவே பாத்திருக்கக் கூடாதுங்களா?” என்றான்.

பஸ்ஸே சிரித்தது. முத்தையா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, என்னா செஞ்ச?”

“வெளக்குனேன்.”

“எதுல?”

“புளியும் சாம்பலும் போட்டுத்தான். வேற எதுல வெளக்குவாங்க? கறுப்பும் பச்சையுமா ஒரு தட்டைக் கொண்டுபோயி கிளப்புல வச்சா, சிலோன்காரங்க வீட்டுல பாத்திரம் வெளக்க மாட்டாங்களான்னு கேக்க மாட்டாங்க?”

முந்தின நாள் சாயங்காலம் அவன் லீவு கேட்கப் போயிருந்தபோது, தேங்காய் நார் தேய்ந்துபோகும் வரை தேய்த்திருந்தேன். அவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமலே சுற்றி வைத்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அவன் ஓட்டையில் கட்டைவிரலை விட்டுத் தட்டைத் தூக்கிப் பிடித்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினான். ‘ணிங்’ என்று கிளம்பிய சத்தம், பஸ் ஒரு வளைவு திரும்பி முடிக்கும் வரை நிற்கவில்லை.

“ஏழு வருஷத்துக் கறுப்பு அக்கா அது. அதுதான் இதோட வாயக் கட்டி வச்சிருந்துச்சு. இப்ப பாரு, கத்துது.”

நடுவட்டம் போய், பைக்காரா போய், தைலமரக் காட்டு வாசனை வந்தது.   காதில் கேட்டதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. பாத்திரக் கடையில் சுண்டிப் பார்த்தே வெண்கலம் எது கலப்படம் எது என்று சொல்லுகிறவள் நான். அந்தத் தட்டின் பழைய சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மழை தகரக் கூரையில் விழுவது ஒன்று, தேயிலைக் கொழுந்தில் விழுவது வேறொன்று. மற்ற சிம்பல் எல்லாம் தகரத்து மழை. ஓர் அடி அடித்தால் பால் பொங்குகிற மாதிரி சத்தம் பரவி எல்லாவற்றையும் மூடிவிடும். இது கொழுந்து மழை. ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக விழும். விழுந்த இடத்திலேயே அடங்கும். பக்கத்தில் யார் பாடினாலும் கேட்கும். அதற்காகத்தான் குமிழ் இல்லாமல் அடிக்கச் சொன்னான். அதைத்தான் நான் புளி போட்டுக் கழுவி ஊற்றியிருந்தேன்.

எட்டே முக்கால், ஊட்டி. மார்க்கெட் பக்கம் இரண்டு டீ, அறுபது காசு. டீ நன்றாக இல்லை. இவ்வளவு தேயிலையை வைத்துக்கொண்டு இந்த டீயை எப்படிப் போடுகிறார்களோ! ஒன்பதேகாலுக்கு மலை ரயில். லவ்டேல் தாண்டியதும் டப்பாவைத் திறந்து ரொட்டியை நீட்டினேன். கோதுமை மாவில் தேங்காய் போட்டு, எங்கள் அக்கரைப் பழக்கத்தில் தடியாகத் தட்டின ரொட்டி. கூடவே வெங்காயச் சம்பல். அவன் ஒரு வாய் கடித்தான். நிறுத்தினான். பிய்த்துப் பார்த்தான்.

“நடுவுல வேகல அக்கா.”

நாற்பது வருஷமாக ரொட்டி சுடுகிறேன். இப்படி ஒருத்தர் சொன்னதில்லை.

“ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு ஈர வெறகுல சுட்டா அப்பிடித்தான். ஓரத்தைத் தின்னு.”

ஓரத்தைத் தின்றுவிட்டு, மாவாக இருந்த நடுப்பகுதியை டப்பாவில் திருப்பி வைத்தான். நான் ஜன்னலுக்கு வெளியே கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்தேன். கேரட் தோட்டங்கள் படிப்படியாக இறங்கின. ஓட்டு வீடுகள் சிதறிக் கிடந்தன. அவ்வளவு அழகைப் பார்த்தும் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

பத்து இருபத்தைந்து, குன்னூர். ஸ்டேஷனிலிருந்து மேலே ஒரு மைல் நடை. கிளப்பின் பெரிய கதவுக்குப் பக்கத்தில் நின்றவர், “அம்மா வெளியில இருக்கட்டும்” என்றார். “தட்டு உள்ள போனா நானும் உள்ள போவேன்” என்றேன். விட்டுவிட்டார்.

உள்ளே மரத் தரை, முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு. மூலையில் கறுப்புப் பியானோ. அதன் முன்னால் கவுன் போட்டு, மேலே கம்பளிச் சட்டை மாட்டின ஒரு அம்மா. வெள்ளை முடி, என் வயசு இருக்கும். டெல்மா என்று பெயர். பேண்டை நடத்துவதே அவர்தான். சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், பேசுகிற தமிழ் பேசினார்.

“நீதான் முத்தையாவா மேன்? இது யாரு?”

“தட்டைக் கொண்டாந்தவ” என்று நானே சொன்னேன்.

“அப்ப உக்காரு. வெளிய குளுருது.”

முத்தையா தட்டைக் கம்பியில் மாட்டினான். டெல்மா அம்மா மெதுவாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். அவன் எவ்வளவோ அடக்கித்தான் வாசித்தான். குச்சியை விரல் நுனியில் பிடித்திருந்தான். ஆனாலும் ஒவ்வொரு அடியும் முந்தின அடியின் மேல் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஒரே ‘ணீ’ என்று ஆகிவிட்டது. பியானோ அதற்குள் முங்கிப்போனது. அவர் கையை எடுத்தார்.

“கை சுத்தம் மேன். கணக்கும் தப்பல. ஆனா அந்தத் தட்டு கத்துது. முன்னால இருந்த ஆளும் இப்படித்தான், என் பியானோ எனக்கே கேக்காது. சாரி மேன்.” பியானோ மூடியைச் சாத்தினார்.

முத்தையா தட்டைக் கழற்றக் கையை நீட்டினான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“தப்பு அவனோடது இல்லீங்க, என்னோடது. கறுத்திருந்த தட்டைப் புளி போட்டு வெளக்கிட்டேன். பத்து நிமிசம் குடுங்க.”

என் தப்பு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தோட்டத்துத் துரையிடம்கூடச் சொன்னதில்லை. டெல்மா அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தே நிமிசம்” என்றார்.

சமையல் கட்டுக்குப் பின்னால் கல் படி இருந்தது. அங்கே உட்கார்ந்ததும் முத்தையா, “பத்து நிமிசத்துல கறுப்பு ஏறுமா அக்கா?” என்று கேட்டான்.

“கறுப்பு ஏறாது. நம்ம தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மிருதங்கக்காரர் வருவாரே, வாசிக்கிறதுக்கு முன்னால எடது பக்கத் தோல்ல என்னா அப்புவாரு?”

“ரவையப் பிசைஞ்சு... அக்கா!”

அவன் கண் ரொட்டி டப்பாவுக்குப் போனது. நான் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தேன். வேகாத நடுவை எடுத்து, தேங்காய்ப் பூவைப் பொறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீர் தொட்டுப் பிசைந்தேன். எலுமிச்சங்காய் அளவுக்கு மாவு தேறியது. முதலில் நெல்லிக்காய் அளவு ஒன்றைத் தட்டின் அடிப்பக்கம் அப்பினேன். அவன் தட்டினான். ‘டொக்’ என்றது. உரல் மாதிரி.

“கொன்னுட்ட அக்கா.”

“இரு, உசுரு வரும்.”

கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினேன். கடைசியில் சுண்டைக்காய் அளவில் மூன்று, விளிம்புக்கு நாலு விரல் உள்ளே, முக்கோணமாக. அவன் தட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொழுந்தில் மழை விழுந்தது. முத்தையா காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

திரும்ப உள்ளே போனோம். டெல்மா அம்மா அதே பாட்டை இன்னும் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக ஆரம்பித்தார். குச்சி தட்டில் நடந்தது. நல்ல தையற்காரி தையல் போடுகிற மாதிரி ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே இடைவெளியில் விழுந்தது. அடிக்குக் கீழே லேசான ஒரு மூச்சு மாதிரி வெண்கலத்தின் சத்தம் பரவிக்கொண்டே இருந்தது, எதன் மேலும் ஏறவில்லை. பியானோவின் கடைசிக் கட்டை வரை கேட்டது. டெல்மா அம்மா நிறுத்த மறந்து மூன்று பாட்டு வாசித்தார். கதவோரம் நின்றவர் செருப்பால் தாளம் போட்டார்.

முடித்ததும் டெல்மா அம்மா எழுந்து வந்து தட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“இது என்ன மேன்?”

முத்தையா என்னைப் பார்த்தான்.

“ரொட்டிங்க” என்றேன்.

“ரொட்டியா?”

“தேங்கா ரொட்டி. நடுவுல கொஞ்சம் வேகல.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கம்பளிச் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். டப்பாவை நீட்டினேன். ஓரத்தைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டுத் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்.

“நடு தட்டுக்கு, ஓரம் எனக்கு. இவன் இன்னைக்கு நைட்டு டான்ஸுக்கே இருக்கட்டும். பின்னால ஒரு ரூம் காலியா இருக்கு. தோட்டத்துல நாளைக்கே சொல்லி அனுப்பிடு. இன்னொரு விசயம். நீ இனிமே அந்தத் தட்டைத் தொடக் கூடாது.”

“ரொட்டிக்கு மட்டும் வரலாமுங்களா?” என்றேன்.

“மாசம் ஒரு தடவ. வேகாம கொண்டா.”

வாசல் வரை முத்தையா வந்தான்.  குனிந்து என் காலைத் தொட்டான். “எந்திரி, வெறகு வெட்டப் போகாத, கையப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். ஒரு மணி இருக்கும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் வந்தேன். அருவங்காட்டுப் பக்கம் தோட்டங்களைப் பார்க்கும்போது தலவாக்கலை ஞாபகம் வந்தது. மலை அதே மலைதான், செடியும் அதே செடிதான். ஆனால் அங்கே எந்த முடக்கில் வழுக்கும், எந்த ஓடையில் தண்ணீர் இனிக்கும் என்று காலுக்குத் தெரியும். இங்கே மூன்று வருஷமாகியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கிற இடம். காலையில் எரிச்சலோடு பார்த்த பள்ளத்தாக்கை இப்போது சாவகாசமாகப் பார்த்தேன். பச்சைக்குள் இத்தனை பச்சை இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் இந்த வழியாக வருவேன். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்குவேன்.

நாலு மணிக்கு ஊட்டியில் கூடலூர் பஸ் ஏறினேன். காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர். மடியில் கையை வைத்தேன், வைக்க ஒன்றுமில்லை. தலைமன்னார் தொடங்கி கனத்த மடி. லேசாக இருப்பது வித்தியாசமாக இருந்தது. பைக்காரா வரை கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவன், என்னை அடையாளம் கண்டு நின்றான்.

“ஏனுங்கம்மா, ஒத்தையா வாறீங்க? அந்த ஓட்டைத் தாம்பாளம் எங்கீங்க?”

“அதுக்கு குன்னூர்ல வேலை கெடச்சிருச்சு” என்றேன். “இனிமே அங்கதான் இருக்கும்.”