பால்கெரியில் அன்னம்மாள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் மௌரீன் சிஸ்டரைத் தெரியாதவர்கள் குறைவு. குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசிக்குப் பயந்து அன்றைக்குக் கட்டிலடியில் ஒளிந்த பிள்ளைகள், இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் வீட்டு கேட்டைத் தட்டுகிறார்கள். "சிஸ்டர், இவனுக்கு உடம்பு சுடுது, கொஞ்சம் பாருங்க."

அவருடைய அப்பா மதலைமுத்து ரயில்வேயில் ஃபிட்டர், ஒக்கலிபுரத்தில் குடியிருந்தார். அவருக்கு வாழ்நாளெல்லாம் ஒரே தேடல், தன் பாட்டியின் பாட்டியான அன்னம்மாளின் கல்லறை. அன்னம்மாள் கண்டோன்மென்டில் ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர், இளம் விதவை. தன் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, துரையின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சீமைக்குக் கப்பல் ஏறினார். சில வருடங்கள் கழித்து, அவர் காய்ச்சலில் இறந்துவிட்டதாகப் பாதிரியார் வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் சொன்ன ஊர்ப்பெயர் மட்டும் குடும்பத்தில் வாய்வழியாகத் தங்கிவிட்டது: பால்கெரி.

கன்னடத்தில் கெரே என்றால் ஏரி. பெங்களூரைச் சுற்றி அப்படி முடியும் ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் அன்னம்மாள் சீமையிலிருந்து திரும்பி வந்து, பக்கத்தில் ஏதோ ஏரிக்கரை ஊரில் இறந்திருக்க வேண்டும் என்றே எல்லோரும் நம்பினார்கள். மதலைமுத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிறுமி மௌரீனை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு தும்கூர் பக்கம், கோலார் பக்கம் என்று கிளம்பிவிடுவார். ஊர் ஊராக நிறுத்தி, பழைய கல்லறை ஏதாவது இருக்கிறதா என்று கன்னடத்தில் விசாரிப்பார்.

"ஒரு ஆயாவோட கல்லறைக்கா இப்டி அலையிறீங்க?" என்று மனைவி சலித்துக்கொள்வார்.

"ஆயான்னா எளக்காரமா? நம்ம வம்சத்துல மொதமொதல்ல கடல் தாண்டுனவ அவதான்."

கண்டுபிடிக்காமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

மௌரீனின் மகன் சுதீருக்கு கிளாஸ்கோவில் கம்ப்யூட்டர் வேலை. போன வருடம் ஒரு சனிக்கிழமை அம்மாவை அழைத்தான்.

"மம்மி, பால்கெரின்னு ஒரு போர்டு பாத்தேன்."

"எங்கடா, தும்கூர் ரோட்லயா?"

"மம்மி, நான் ஸ்காட்லாந்துல இருக்கேன். இங்கதான். சின்ன ஊரு. ஒரு பழைய சர்ச்சு, சுத்தியும் கல்லறைங்க."

அப்பா போகாத ஏரிக்கரை இல்லை. ஆனால் அன்னம்மாள் திரும்பி வரவே இல்லை.

விசா கிடைத்ததும் கிளம்பினார். மே மாதத்திலும் அங்கே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் இஸபெல் என்ற முதிய பெண்மணி கதவைத் திறந்துவிட்டார். ஈரப் புல்லில் கற்கள் முன்னும் பின்னும் சாய்ந்து கிடந்தன. பலவற்றில் எழுத்தே தெரியாதபடி பாசி அப்பியிருந்தது. பெங்களூரிலிருந்து திரும்பிய துரை குடும்பத்துக்கென்று இரும்புக் கம்பிவேலி போட்ட தனி இடம் இருப்பதை இஸபெல் காட்டினார். அம்மாவும் மகனும் அங்கேதான் முதலில் போனார்கள். துரை, துரைசாணி, பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் உயரமான கற்கள். அன்னம்மாள் இல்லை.

"வேலைக்காரிக்கு யாருடா கல்லு வெக்கப்போறாங்க?" என்றார் மௌரீன்.

அவர்கள் தேடும் பெண் எப்படி இறந்தார் என்று இஸபெல் ஆங்கிலத்தில் கேட்டார். காய்ச்சல் என்று மட்டும் கேள்வி என்றார் மௌரீன். இஸபெல் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு இருவரையும் வடக்குச் சுவரோரம் அழைத்துப் போனார்.

அங்கே முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள் வரிசையாக நின்றன. ஒரே குளிர்காலத்துக் காய்ச்சலில் போன குழந்தைகள். வரிசையின் கடைசியில் பெரியவர்களுக்கு வைப்பது போல ஒரு கல். இஸபெல் தண்ணீர் ஊற்றி மெல்லிய பிரஷால் தேய்க்கத் தேய்க்க, ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. மௌரீன் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"அன்னா. பெங்களூரைச் சேர்ந்தவள். இந்த ஊர்க் குழந்தைகளைக் காய்ச்சலில் பராமரித்து, அதே காய்ச்சலில் இறந்தாள். ஊரார் வைத்த கல்."

"எத்தனையோ பணக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள்" என்றார் இஸபெல். "ஆனால் ஊரே சேர்ந்து கல் வைத்தது இவர் ஒருவருக்குத்தான். யாரென்று மட்டும் எங்களுக்குத் தெரியாது."

சுதீர் அம்மாவின் தோளில் கை வைத்தான். "கொரோனால எல்லாரும் வேணாம்னு சொல்லியும் நீங்க வார்டுக்குப் போனீங்களே மம்மி, அதேதான்."

"சும்மா இருடா. நான் உடம்பு முழுக்க மூடிக்கிட்டுப் போனேன். அவ வெறும் புடவையோட போயிருக்கா."

அழுவார் என்று சுதீர் நினைத்தான். மௌரீன் அழவில்லை. வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நிற்பாரே, அப்படி முதுகை நிமிர்த்தி நின்றார். "நான் இவரோட வம்சத்துப் பேத்தி" என்று இஸபெலிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "இவர் பேர் அன்னா இல்லை. அன்னம்மாள்." இஸபெலுக்கு அந்தப் பெயர் லேசில் வாயில் நுழையவில்லை. சரியாக வரும்வரை மௌரீன் விடவும் இல்லை.

பழைய கல்லில் பெயரைத் திருத்த அனுமதி இல்லை. அதன் காலடியில், தமிழில் பெயர் பொறித்துச் சின்னதாக ஒரு கருங்கல் பலகை வைக்கலாம் என்று சபையார் ஒப்புக்கொண்டார்கள். தமிழே அறியாத சிற்பிக்காக, மௌரீன் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக வரைந்து கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அக்டோபரில் பலகை பதித்த அன்று சுதீர் வீடியோ காலில் காட்டினான். ஒக்கலிபுரத்து உறவெல்லாம் காக்ஸ் டவுன் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தது. "நம்ம எழுத்துடி!" என்று தங்கை மகள் வீணா கத்தினாள்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். பூசையில் இறந்தவர்கள் பெயர்களைச் சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். "அன்னம்மாள். ஸ்காட்லாந்து, பால்கெரி" என்றதும் பல தலைகள் திரும்பின.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "யாரு சிஸ்டர் அது?"

"எங்க வீட்டு மொதல் நர்ஸ்" என்றார் மௌரீன்.