இடக்கை மண்டலின்

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் நான் மண்டலின் வாசித்துக்கொண்டிருந்தேன். மன்னார் வீதிகளில் கழுதைகள் நிற்பது புதினமல்ல. ஒரு மழைநாளில் ஒன்று திடீரெனக் குறுக்கே வர, நான் இருந்த ஆட்டோ சரிந்தது. முறிந்த இடது கை எலும்பு பிறகு பொருந்தியது. விரல்கள் மட்டும் விறைத்தபடியே நின்றுவிட்டன. கம்பியை அழுத்த முடியாத கைக்கு மண்டலின் எதற்கு? மகளிடம் கொடுத்துவிட்டேன். என் இடத்தில் இருந்து அவள் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். பூசை நேரம் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்கும்போது பெருமையாகவும் இருக்கும், ஏக்கமாகவும் இருக்கும். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, உயிலங்குளத்தில ஒருத்தர் கிட்டார் எல்லாம் செய்யிறாராம்," என்றாள் ஒருநாள். "வலது கையால அழுத்தி, இடது கை விரலிடுக்கில தட்டுற துண்டைச் செருகி வாசிக்கிற மாதிரி உங்களுக்கு ஒண்டு செய்விப்பம்."

"இந்த வயசில முதலில இருந்து பழகிறதோ?"

"பழகாமல் இருந்து என்ன செய்யப் போறியள்?"

அவர் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கே ஒரு பட்டறையில் வாத்தியம் செய்யப் பழகித் திரும்பி வந்தவர். இப்போது கதவும் யன்னலும் செய்கிறார். யாராவது கேட்டால் கிட்டார் செய்து கொடுப்பார். நாங்கள் போனபோது, என் கையைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பவில்லை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

"இடக்கைக்கு நான் ஒரு நாளும் செய்யேல்லை, அக்கா," என்றார். "பிழையாப் போனாலும் போகும். போனால் திரும்பச் செய்வம்."

உடனே பலகையை அறுக்கத் தொடங்கவில்லை. மண்டலினின் கழுத்து அளவில் ஒரு மரத்துண்டைச் சீவித் தந்தார். "இதை வீட்டில கையில பிடிச்சுக்கொண்டு திரியுங்கோ. எங்க நோகுதெண்டு வந்து சொல்லுங்கோ."

டிவி பார்க்கும்போதும் சோறு வேகும்வரை அடுப்படியில் நிற்கும்போதும் அந்தக் கட்டையை வலது கையில் பிடித்திருந்தேன். பெருவிரலடி நொந்தது. போய்ச் சொன்னேன். அந்த இடத்தைச் சீவினார். பிறகு சின்னவிரல் எட்டவில்லை என்றேன். "ஓம், உங்கட கை சின்னன்," என்று சிரித்து, கழுத்தையே ஒடுக்கினார்.

உடலுக்குப் பலா, மேற்பலகைக்கு இயந்திரம் ஏதோ வந்த பெட்டியின் வெள்ளைப் பலகை. காய்ந்த காற்றில் அந்த முதல் மேற்பலகை வெடித்துவிட்டது. தொலைபேசியில் அவர் சொன்னபோது, இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஏமாற்றத்தைவிட ஆறுதல்தான் வந்தது. பழகத் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறதல்லவா.

முடிந்துவிட்டதென்று அழைத்த அன்று நானும் மகளும் போனோம். வாசல் படலையைத் திறக்கும்போதே உள்ளே யாரோ வாசிப்பது கேட்டது. எங்கள் கோயிலில் பாடும் மாதா பாட்டு ஒன்று, தடக்கித் தடக்கி, தப்பும் தவறுமாக. எட்டிப் பார்த்தால் அவர்தான். என் மண்டலினை இடக்கைக்காரர் போலப் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, வலது விரல்களால் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கூச்சப்பட்டார்.

"வாங்கோ, வாங்கோ. நானும் வலக்கைக்காரன்தானே அக்கா. இப்பிடி வாசிச்சுப் பாக்காட்டி உங்களுக்கு எங்க இடிக்குமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இந்தச் சத்தம் தாங்கேலாமல் ஒரு கிழமையா மனிசியின்ர பேச்சுத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள்தான் என் கையில் மண்டலினை வாங்கித் தந்தாள்.

வீட்டில் அவளும் நானும் எதிரெதிரே கதிரை போட்டு இருப்போம். அவளுடைய விரல் போகும் இடத்துக்கு என் விரலும் போகும், கண்ணாடியைப் பார்ப்பதுபோல. "மெல்ல, அம்மா, மெல்ல," என்பாள். விரல்நுனி எல்லாம் புதிதாகக் காய்த்துவிட்டது.

இப்போது பூசையில் நான் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மெதுவான பாட்டுகள் என்றால் சேர்ந்து வாசிப்பேன். வேகமானவற்றுக்கு மண்டலினை மடியில் வைத்துவிட்டுப் பாடுவேன்.