போணிக்கு முன் விரட்டாத மெயில்கள்

இன்று காலை கறம்பக்குடியில் என் கயிறு, தார்ப்பாய்க் கடையைத் திறந்த கையோடு தஞ்சாவூர் அரிசி ஆலை மேனேஜரிடமிருந்து போன்.

"அண்ணே, தார்ப்பாய் ஆர்டர் அனுப்புனா, ஒங்க மெயில் நெறஞ்சு போச்சுன்னு திரும்பி வருது. சீக்கிரம் சரி பண்ணுங்க. இல்லாட்டி முதலாளி வேற கடைக்கு அனுப்பச் சொல்லிட்டாரு."

மெயிலைத் திறந்து பார்த்தேன். முடி வளரும் எண்ணெய், சொகுசுக் கப்பல் பயணம், நான் கேட்காத கடன். எல்லாவற்றையும் அழித்தால் தீர்ந்தது.

ஆனால் இன்னும் போணி ஆகவில்லை. போணிக்கு முன் வந்த யாரையும் நான் வேண்டாம் என்று விரட்டியதில்லை. கடை வளர்ந்ததே அப்படித்தான்.

கல்லாவில் இருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கப்பல்காரன் நம்மகிட்ட கயிறு வாங்கவா வந்திருக்கான்?"

"யாரு கண்டா?"

ஒரு ஆளும் கடைப்பக்கம் வரவில்லை. மேனேஜர் மறுபடி கூப்பிட்டார்.

அவள் தன் பர்ஸைத் திறந்து காசை நீட்டினாள். "ஒரு கொடிக்கயிறு குடுங்க. போணி ஆச்சா? இப்ப அழிங்க!"

அழித்தேன். ஆர்டர் வந்து சேர்ந்தது.

இப்போது கயிற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்கிறாள். போணிக் காசைத் திருப்பித் தரலாமா?

வியாபாரிகள் பதில் சொல்லுங்கள். கப்பல்காரர்கள் வேண்டாம்.